ஆல்-டெரெய்ன் டயர் வாங்கும் முன் ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள்

நிலத்தடி நீர்மட்டம் அளப்பது என் வேலை. வாரத்தில் இரண்டு நாளாவது தார் ரோட்டை விட்டு இறங்கி, சரளைப் பாதையில் உள்ளே போய், ஆழ்துளைக் கிணறுகளை அளந்துவிட்டுத் திரும்ப வேண்டும். என் எஸ்யூவிக்கு இதுவரை இரண்டு செட் ஆல்-டெரெய்ன் டயர், அதாவது தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான டயர், வாங்கியிருக்கிறேன். முதல் செட்டைத் தப்பாக வாங்கினேன், இரண்டாவதைச் சரியாக வாங்கினேன். நடுவில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் பார்த்தது பட்டனை, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளை, மட்டும்தான். பெரிய பெரிய பட்டன், பக்கச்சுவர் வரை ஏறிய வெட்டுகள், தடித்த ரப்பர். 10 பிளை, அதாவது பத்து அடுக்கு என்றார்கள், உறுதியானது என்று வாங்கிவிட்டேன். காற்றை மட்டும் கதவோரத்து ஸ்டிக்கரில் எழுதியிருந்தபடி 33 பிஎஸ்ஐ வைத்தேன். இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு இறங்கித் தொட்டால் பக்கச்சுவர் கொதித்தது. சில மாதங்களில் நடுப்பகுதி அப்படியே இருக்க, இரண்டு ஓரமும் தேய்ந்தன. ஒரு மழை நாளில் சிக்னலில் பிரேக் போட்டேன். வண்டி கோட்டைத் தாண்டி அரை வண்டி நீளம் சறுக்கி நின்றது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அந்த வாரமே ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டில் போட்டு, எந்தத் தரையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று குறிக்க ஆரம்பித்தேன்.

ஒரு மாதக் கணக்கு இது: மொத்தம் 2,140 கிலோமீட்டர். தார் ரோடு 1,790, சரளையும் மண் பாதையும் 310, சேறு வெறும் 40. காடு மேடெல்லாம் சுற்றுகிறவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். நோட்டு வேறு சொன்னது. நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு மாதம் முடியாவிட்டால் இரண்டு வாரமாவது எழுதுங்கள். வண்டியில் எவ்வளவு சுமை ஏற்றுகிறீர்கள், ஏதாவது இழுத்துப் போகிறீர்களா என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். டயரைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை அந்த நோட்டிலேயே முடிந்துவிடும்.

மண் பாதையே கிடையாது என்றால் ஹைவே டயர் போதும். அது மழையில் நன்றாக நிற்கும், சத்தம் குறைவு, எரிபொருள் செலவும் குறைவு. பாதிக்கு மேல் சேறும் பாறையும் என்றால் மட்-டெரெய்ன். அதில் பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம் என்பதால் சேறு உதிர்ந்து விழும். ஆனால் தார் ரோட்டில் இரையும், ஈரத்தில் பிடி குறையும். இரண்டுக்கும் நடுவில் வருகிறவர்களுக்குத்தான் ஆல்-டெரெய்ன்.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது டயரின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டது என்பது. பட்டனைவிட இது முக்கியம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அளவுக்கு முன்னால் எல்டி (LT) என்று இருந்தால் அது லைட் டிரக் டயர். வெறும் 265/65ஆர்17 என்றோ, முன்னால் பி போட்டோ இருந்தால் பயணிகள் வண்டி வகை. யோகோஹாமாவின் ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 போன்ற டயர்கள் ஒரே பெயரில் இரண்டு வகையிலும் வருகின்றன. ஆகவே மாடல் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

எல்டி டயரில் சி (C), டி (D), ஈ (E) என்று சுமைத் தரம் போட்டிருக்கும். சி என்றால் 6 பிளை, டி என்றால் 8, ஈ என்றால் 10. உள்ளே உண்மையில் பத்து அடுக்கு துணி இருக்காது. பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்துக் கணக்கு இன்றும் பெயராக நிற்கிறது, அவ்வளவுதான். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான்: எல்டி டயர் தன் முழுச் சுமையையும் அதிகக் காற்றில்தான் தாங்கும். அதே 33 பிஎஸ்ஐயில் அதே அளவுள்ள பயணிகள் வகை டயரைவிடக் குறைவாகவே தாங்கும். சுமைக்கும் காற்றுக்குமான அட்டவணையை டயர் நிறுவனங்கள் வெளியிடுகின்றன. பிறகு அதைப் பார்த்தபோது என் வண்டிக்கு 45 வந்தது. 45 வைத்ததும் சூடு குறைந்தது, ஆனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் ஏறியது. காலி வண்டிக்கு அந்த டயர் தேவையே இல்லை. என் சகா ஒருவர் துளையிடும் குழாய்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கூரான கல் நிறைந்த பாதையில் தினமும் போகிறார். அவருக்கு எல்டி ஈ தான் சரி. வேறு எதைப் போட்டாலும் சைடுவால் கிழியும், கிழிந்த சைடுவாலுக்கு ஒட்டு போட முடியாது. எனக்கோ இரண்டு பேரும் அளவுக் கருவிப் பெட்டியும்தான் சுமை. இரண்டாவது முறை பயணிகள் வகையிலேயே, சைடுவால் கொஞ்சம் பலமான ஆல்-டெரெய்னை எடுத்தேன்.

எடையையும் மறக்காதீர்கள். எல்டி ஈ டயர் ஒன்று மற்ற வகையைவிட நான்கைந்து கிலோ கூடுதலாக இருப்பது சாதாரணம். சுழலும் எடை என்பதால் வண்டி கிளம்பும்போதும் தெரியும், நிற்கும்போதும் தெரியும்.

சுமை எண் ஒருபோதும் வண்டியோடு வந்த டயரைவிடக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 116 என்றால் 1,250, 121 என்றால் 1,450. எல்டி டயரில் 121/118 என்று இரண்டு எண் இருந்தால், இரண்டாவது எண் பின்னால் இரட்டைச் சக்கரம் மாட்டும் வண்டிகளுக்கானது. கூடவே வரும் எழுத்து வேகத்துக்கு: க்யூ (Q) 160, எஸ் (S) 180, டி (T) 190, ஹெச் (H) மணிக்கு 210 கிலோமீட்டர்.

அளவைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆசையைக் கணக்கு போட்டுப் பாருங்கள். 265/65ஆர்17 என்பதில் அகலம் 265 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம் சைடுவால் உயரம், 17 அங்குலம் ரிம். மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். 265/70ஆர்17 போட்டால் 803. தரையிலிருந்து வண்டி உயர்வது இதில் பாதி, அதாவது 13 மில்லிமீட்டர்தான். பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் சுமார் மூன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும், இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். மூன்று சதவீதத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. அதற்குள்ளும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, ரிவர்ஸிலும் போய்ப் பாருங்கள். அப்புறம் ஒரு முன்சக்கரத்தை மேடான கல் மீது ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் பாருங்கள். சமதரையில் உரசாத டயர் அங்கே மட்கார்டில் உரசும். நான் பழைய அளவிலேயே நின்றுவிட்டேன்.

இப்போது பட்டனுக்கு வருவோம். முதலில் பட்டன் மீதுள்ள மெல்லிய கீறல்களைப் பாருங்கள். ஈரத் தார் ரோட்டில் பிடி கொடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பழைய சீட்டையோ விசிட்டிங் கார்டையோ கீறலுக்குள் விட்டு ஆழம் பாருங்கள். சில டயர்களில் கீறல் பாதி ஆழத்தோடு நின்றுவிடும். டயர் பாதி தேயும்போது மழைப் பிடியும் சேர்ந்து போய்விடும். கீழ்வரை இறங்கும் கீறல் உள்ளதை எடுங்கள். அடுத்தது, பள்ளங்களின் அடியில் வரிசையாகச் சின்ன மேடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிக்கிய கல்லை அவை வெளியே தள்ளும். இல்லாவிட்டால் கல் உள்ளேயே இருந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்துக்கொண்டு கம்பி அடுக்கு வரை இறங்கும். சரளையில் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். மூன்றாவதாக, நடுப்பட்டன்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால் சத்தம் குறையும், நேராக ஓடும். என் கணக்கில் தார் ரோடு எண்பது சதவீதத்துக்கு மேல் என்பதால் நடு நெருங்கியும் ஓரம் திறந்தும் இருந்ததை எடுத்தேன்.

பனி விழும் இடத்தில் ஓட்டுகிறவர்கள் எம்+எஸ் (M+S) எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது பட்டன் அமைப்பை வைத்துப் போடுவது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால்தான் பனியில் பிடி சோதிக்கப்பட்டது என்று அர்த்தம்.

மாட்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். சைடுவாலில் டாட் (DOT) எனத் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது. 0624 என்றால் 2024-ன் ஆறாவது வாரம். ஐந்து டயரிலும் பாருங்கள். ஆமாம், ஐந்து. ஸ்டெப்னியும் அதே டயராக இருக்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஒரு டயரின் சுற்றளவு மட்டும் மாறுபட்டால் முன், பின் சக்கரங்களின் சுழற்சி வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஐந்தையும் சுழற்சியில் சேர்த்து 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன்.

மாட்டியதும் அலைன்மென்ட் பாருங்கள், நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். காற்று சரிதானா என்று பார்க்க நான் சாக்பீஸ் வைத்திருக்கிறேன். அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே போகாமல் காற்றை வைத்து, பட்டன் மீது குறுக்கே ஒரு பட்டையான கோடு போட்டு, சமமான ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்ப்பேன். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. முதல் செட்டை வாங்கிய அன்றே இதைச் செய்திருந்தால் அந்த ஓரத் தேய்மானம் வந்திருக்காது.

மணலில் இறங்கும்போது 18 பிஎஸ்ஐ வரை குறைக்கிறேன். டயர் தரையில் நீளமாகப் படிந்து, புதையாமல் மேலேயே போகும். தார் ரோட்டுக்கு ஏறும் முன் அங்கேயே நின்று திரும்பக் காற்று ஏற்றிவிடுவேன், அதற்கென்று ஒரு சிறிய கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கிறது. பட்டன் ஆழத்தை மாதம் ஒருமுறை அளந்து அதே நோட்டில் எழுதுகிறேன். பல நாடுகளில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. நான் 4 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். அதற்குக் கீழே மழைத் தண்ணீரை வெளியேற்ற அந்தப் பள்ளங்களில் போதிய இடம் இருக்காது.