ஜான் ஹியூஸ் நினைவா ஒரு நாள் படம் பார்க்கணும்னா

80கள்ல டீனேஜ் படங்களா எடுத்த ஹாலிவுட் டைரக்டர் இவரு. மனுஷன் 2009 ஆகஸ்ட் 6 அன்னிக்கு நியூயார்க்ல நடந்து போய்ட்டிருக்கும்போதே மாரடைப்புல போய்ட்டாரு, வயசு 59தான். அந்த தேதில நண்பர்களோட உக்காந்து பாக்கலாம்னா முதல்ல 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) போடுங்க, சனிக்கிழமை ஸ்கூல்ல தண்டனையா உக்கார வச்ச அஞ்சு பேரு, அவ்ளோதான் கதை. சாப்பாட்டு சீன்ல மட்டும் யாரும் எந்திரிச்சு போகாதீங்க, ஒரு பொண்ணு சுஷி (ஜப்பான் சாப்பாடு) எடுப்பா, இன்னொருத்தி பிரெட்ல இருக்குற கறியை தூக்கி எறிஞ்சுட்டு சர்க்கரைப்பொடியும் கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரி சீரியலும் கொட்டி நறுக்குனு கடிப்பா, யார் வீடு எப்படினு அதுலயே தெரிஞ்சுடும்.

அடுத்து 'ஃபெர்ரிஸ் புயூலர்ஸ் டே ஆஃப்' (1986). சிகாகோ மியூசியத்துல ஃபெர்ரிஸோட நண்பன் கேமரன் புள்ளி புள்ளியா வரைஞ்ச அந்த ஓவியத்தையே முறைச்சுப் பார்ப்பான்ல, அங்க பேச்சை நிறுத்திடுங்க ப்ளீஸ்.

'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) கடைசியா வைங்க. பொறந்தநாளை வீடே மறந்துபோற அந்த வலி இன்னிக்கும் நிக்குது, ஆனா ஆசியப் பையன் வர்றப்பல்லாம் காங் (தட்டு மாதிரி பெரிய மணி) அடிச்சு கிண்டல் பண்றது இப்ப பார்த்தா கூசுது, அதை ஓட்டி விடாதீங்க, பார்த்துட்டு திட்டுங்க.

'பிரிட்டி இன் பிங்க்' கேப்பாங்க, அது அவர் எழுதினது மட்டும்தான், டைரக்ட் பண்ணது ஹோவர்ட் டாய்ச். நேரம் இருந்தா போடுங்க.