பச்சிலை யோசனை சொல்லத் தொடங்குபவர்களுக்கு

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) ஒரு சுற்று வந்தால் ஆவாரை, நெருஞ்சி, சிறுபூளை, வேலியோரத்தில் பிரண்டை, முடக்கத்தான் எல்லாம் கைக்கெட்டும். சரக்குக்குப் பஞ்சமில்லை. தப்பு நடப்பது செடியைச் சரியாகப் பார்க்காததாலும், வந்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காததாலும்தான்.

அதற்கு முன் சட்டம். பட்டமும் பதிவும் இல்லாமல் சித்த மருத்துவர் என்று போர்டு வைக்கவோ, நோய்க்கு வைத்தியம் பார்க்கவோ கூடாது. 1940 மருந்துச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் சூரணம், லேகியம் செய்து விற்கக் கூடாது. சர்க்கரை நோய், புற்றுநோய் குணமாகும் என்று நோட்டீஸ் அடிப்பது 1954 மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். செடியை அடையாளம் காட்டுவது, சாப்பாடு, தூக்கம், பழக்கம் பற்றிப் பேசுவது, சின்ன உபாதைக்குக் கைப்பக்குவம் சொல்வது: இதற்குள் நின்றாலே கை நிறைய வேலை இருக்கும்.

செடி பழக, தைக்கு முந்தின நாள் காப்புக் கட்டுகிற வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றில் தொடங்குங்கள். கொங்கு வீட்டில் வளர்ந்தவருக்கு இவை தப்பாது. அடுத்து கீழாநெல்லி, இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். காய் பிடிக்காத செடியைப் பறிக்காதீர்கள். கீழாநெல்லியின் காய் சிறு காம்போடு இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும். செங்கீழாநெல்லியின் காய் காம்பில்லாமல் ஒட்டி, சொரசொரவென்று இருக்கும். மேலாநெல்லியின் இலை அடியில் குறுகி, நுனியில் அகன்றிருக்கும். பூ, காய், இலை, வேர் நான்கையும் பார்த்துப் பழகியவரோடு ஒரு மழைக்காலமாவது காடு சுற்றினால்தான் கண் தெளியும். போனில் வரும் படத்தை வைத்து யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டாம்.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக் கிழங்கை எதற்கும், எந்த அளவிலும் சொல்லக் கூடாது. தின்று சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் பிடிக்கும். அதிலுள்ள கால்ச்சிசின் என்ற நஞ்சு உறுப்புகளைச் செயலிழக்க வைத்து ஆளையே முடித்துவிடும். அரளி, ஊமத்தையும் அப்படித்தான், நம் பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

பனி காய்ந்த பிறகு பறித்து, அலசி, நீர் வடித்து, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆனி, ஆடிக் காற்றில் சீக்கிரம் காயும், ஆனால் புழுதி ஏறும். மேலே மெல்லிய வெள்ளைத் துணி போடுங்கள். ஐப்பசி மழையில் உலர்த்தினால் இலை காய்ந்தாலும் காம்பில் ஈரம் நின்று, டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்கும். காம்பு படக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் காயவில்லை. பூஞ்சை கண்டதைக் குப்பையில் போடுங்கள், வெயிலில் காயவைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது. உரிமம் உள்ள கடைப் பொடியையே வாங்கச் சொல்லுங்கள். 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் சிறு தீயில் 50 மில்லியாக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். காலையில் வைத்ததை ராத்திரிக்கு எடுத்து வைக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இனி கேள்வி. "ஏனுங்கய்யா, மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா?" என்றால் "ஒண்ணுமில்லீங்" என்பார், தினமும் இன்சுலின் போடுகிறவரும். ஊசி அவர் கணக்கில் மாத்திரை இல்லை. ஊசி, டானிக், சொட்டு மருந்து என்று தனித்தனியாகக் கேளுங்கள், மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் சேர்ந்தால் சர்க்கரை அளவு கீழே இறங்கி வியர்த்து, கை நடுங்கலாம். அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். கர்ப்பிணி, கைக்குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வந்தால் டாக்டரிடம் அனுப்பிவிடுவதுதான் சரி.

மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை கேட்டு வருவோர் அதிகம். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அதனால் எந்த இலை கொடுத்தாலும் பேர் வாங்கலாம். ஆபத்தும் அங்கேதான். ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) அளவு பார்க்காத காமாலையைத் தொடாதீர்கள். தடுமாற்றப் பேச்சு, ரத்தக்கசிவு, வயிறு வீக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பாம்புக்கடி, நாய்க்கடி, நெஞ்சுவலி, வாய் கோணுதல் எல்லாவற்றுக்கும் 108 தான், பேச்சே வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரே செடி சொல்லுங்கள். நீங்களாக நாலைந்தைக் கலந்தால் அரிப்பு வரும்போது எதனால் என்று தெரியாது. நோட்டில் தேதி, பெயர், செடி, எந்தப் பாகம், அளவு, அவர் எடுக்கும் மருந்து எழுதி, மூன்றாம் நாள் போன் போட்டு விசாரியுங்கள். தடிப்போ வாந்தியோ இருந்தால் செடியை அப்போதே நிறுத்தி, அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து டாக்டரிடம் காட்ட அனுப்பி வையுங்கள்.