கல்யாணக் கார்டில் போடோனி: நாம் கெடுக்கும் இடங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கார்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது போனை நீட்டி "அண்ணே, இந்த எழுத்து மாதிரியே வேணும்" என்பார். பெரும்பாலும் அது போடோனி என்ற இத்தாலிய எழுத்துருவாகவோ அதன் பிரெஞ்சுப் பங்காளி டிடோவாகவோ இருக்கும்: தடித்த கோடு தூண் மாதிரி, மெல்லிய கோடு மயிரிழை, நுனியில் குறுக்குக் கோடு வளைவே இல்லாமல் பிளேடால் வெட்டியது போல. அழகுதான், ஆனால் கேட்பவரும் அடித்துக் கொடுக்கும் நாமும் சேர்ந்தே அதைக் கெடுத்துவிடுகிறோம்.

பெயருக்குப் போட்ட எழுத்தையே முகவரிக்கும் போன் நம்பருக்கும் போடுவதுதான் பெரிய தவறு. 40 பாயிண்ட் (எழுத்தின் அளவு) என்றால் மின்னும் மயிரிழை 8 பாயிண்ட்டில் காணாமல் போய்விடும். நானே அப்படி 300 கார்டு அடித்தேன். 3 எது 8 எது என்று தெரியவில்லை என்று பெண்ணின் மாமா கார்டோடு கடைக்கே வந்துவிட்டார். (திரும்ப அடித்த செலவு என் கையிலிருந்துதான் போனது.) ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனியாக வெட்ட வேண்டும், இத்தாலியின் பார்மா நகரில் இந்த எழுத்தை உருவாக்கிய அச்சுக்காரர் போடோனியும் அப்படித்தான் செய்தார். நாம் கணினியில் ஒரே வடிவத்தைச் சுருக்கிக்கொள்கிறோம். 1994இல் வந்த ஐடிசி போடோனி என்ற கணினி எழுத்துருவில் இதற்காகவே 6, 12, 72 பாயிண்ட்டுக்கு என்று மூன்று வடிவங்கள் உண்டு, சின்னதில் மெல்லிய கோடு கொஞ்சம் தடித்திருக்கும். அது கையில் இல்லையா, சின்ன வரிகளுக்கு வேறு எழுத்துரு போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் அரக்கு நிறத்தில் வெள்ளை எழுத்து. கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். மை கொஞ்சம் பரவினாலே மெல்லிய வெள்ளைக் கோட்டை விழுங்கிவிடும். அந்த அரக்கு பல மை கலந்து வருவதென்றால் ஒன்று இம்மி நகர்ந்தாலும் கதை முடிந்தது. சொரசொரப்பான தாளிலும் இதே பாடுதான். 18ஆம் நூற்றாண்டில் வழவழப்பான தாளும் நல்ல மையும் வந்ததால்தான் இவ்வளவு மெல்லிய கோட்டை அச்சில் காட்ட முடிந்தது.

திருவிழா பேனருக்கு வேண்டவே வேண்டாம். மோட்டாரில் போகிறவர் கண்ணுக்குத் தூண்கள் மட்டும் ரப்பர் மரம் வரிசையாக நிற்பது போலத் தெரியும், பெயர் தெரியாது. இடத்தை நிரப்பப் பக்கவாட்டில் இழுத்தால் இன்னும் மோசம், தூண் மட்டும் பருத்து மயிரிழை அப்படியே நிற்கும்.

தமிழ் வரிக்கும் இதே தோற்றம் கேட்பார்கள். ண, ஞ சுழிகளில் மயிரிழை வைத்தால் சின்ன அளவில் சுழியே அறுந்துபோகும். நான் ரூமியில் (ஆங்கில எழுத்தில்) வரும் பெயரைப் போடோனியில் பெரிதாக வைத்து, தமிழைச் சீரான தடிப்புள்ள எழுத்தில் தள்ளி வைப்பேன்.

சுற்றி வெற்றிடமும் வேண்டும். போடோனியே அகலமான ஓரம் விட்டு அடித்தவர். நம் கார்டிலோ குத்துவிளக்கு, மாவிலை, மயில், ரோஜா. போன வாரம் ஓர் அக்கா, "எல்லாத்தையும் எடுத்தா கார்டு மொட்டையா இருக்காதா?" என்றார். இரண்டு விதமாகவும் அடித்துக் காட்டினேன். மயிலை விட்டுக்கொடுத்தார், பிள்ளையாரை மட்டும் மேலே சின்னதாக வைத்துக்கொண்டார்.