ஜூரா சிவப்பு ஒயினா? கொஞ்சம் குளிரவிடுங்கள்

பிரான்ஸில், பர்கண்டி பகுதிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் நடுவே இருக்கும் சின்ன மலையோரப் பகுதி ஜூரா. லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊர் இங்கேதான்.

இங்கே விளையும் பூல்சார் திராட்சைக்குத் தோல் ரொம்ப மெல்லியது. அதனால் ஒயின் வெளிறிய சிவப்பாக இருக்கும். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் அப்படியே தெரியும். நிறத்தைப் பார்த்து ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) என்றோ, தண்ணீர் கலந்தது என்றோ நினைத்துவிடாதீர்கள். செர்ரி, ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு லேசான மண்வாசனையும் வரும்.

பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். 12 முதல் 14 டிகிரி போதும். திறந்ததும் தீக்குச்சி உரசிய மாதிரி வாடை அடித்தால், கெட்டுப்போனதாக நினைத்து ஊற்றிவிட வேண்டாம். பூல்சாருக்கு அது சகஜம். ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிக் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம், வரிசை முக்கியம். ஜூராவில் சிவப்பை முதலில் ருசித்துவிட்டுத்தான் வெள்ளைக்குப் போவார்கள். குறைந்தது 5 வருடம் பீப்பாயில் ஈஸ்ட் படலத்தின் கீழ் கிடக்கும் வான் ஜோன் என்ற வெள்ளை ஒயினைக் குடித்த நாக்குக்கு, பூல்சாரின் மென்மை பிடிபடவே பிடிபடாது.

தொட்டுக்கொள்ள அந்த ஊர் கோம்தே சீஸ் அருமை. இறைச்சி என்றால், கொஞ்சம் அழுத்தமான த்ரூசோ என்ற இன்னொரு ஜூரா சிவப்பு ஒயினை வாங்குங்கள்.