சேர்ந்து கோட் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில், மாமாக் கடையில் ஆறு பிள்ளைகள் இரண்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஓர் ஆப் செய்கிறார்களாம். "லைசென்ஸ் போட்டாச்சா தம்பி?" என்றேன். கோட்டை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதிவைக்கும் உரிமத்தைத்தான் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே, முதல்ல ஓடட்டும்." ஒரு காலத்தில் நான் சொன்ன அதே பதில். பேக்கப் எடுங்கள் என்பதையெல்லாம் ஊரே சொல்லும், விடுகிறேன்.

உரிமத்தைத் தள்ளிப்போடுவது

ஒன்பது பேர் சேர்ந்து கோயில் திருவிழா உபயக் கணக்குக்கு மென்பொருள் எழுதினோம். எந்த நாள் யார் உபயம், பாக்கி எவ்வளவு, எல்லாம் வரும். ரசீது அச்சடிக்கும் பகுதி முழுக்க ஒரே நண்பரின் கைவேலை. மறுவருடம் பக்கத்து ஊர்க் கோயில் கேட்டது. கொடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கொடுக்கும் உரிமையே எங்களுக்கு இல்லை.

உரிமம் எழுதாத கோட் ஊர்ப் பொது என்று நினைத்திருந்தோம். நேர் எதிர். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் எழுத்துப் படைப்புதான். எங்கும் பதிய வேண்டாம்; எழுதினாலே உரிமை வந்துவிடும், எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு நிற்கும். நண்பரோ ஏதோ மனத்தாங்கலில் சிங்கப்பூர் போய், போன் எண்ணையும் மாற்றியிருந்தார். அவர் பகுதியைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து எழுத மூன்று மாதம். அதற்குள் அங்கே திருவிழா வந்துவிட்டது. கார்பன் தாள் வைத்து ரசீது கிழித்த பொருளாளர், ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்றும் எரிச்சல்தான்.

வீடியோ ஓட்டும் வி.எல்.சி பிளேயரைச் சேர்ந்து எழுதியவர்களே 2011, 2012-இல் உரிமத்தை மாற்றப் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

உரிமம் போடுவது ஐந்து நிமிட வேலை. ஆயத்தமாக எழுதிவைத்த உரிமங்களில் ஒன்றை எடுத்துப் போட்டால் போதும். யாரும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்.ஐ.டி. மாற்றி வெளியே கொடுப்பவர் அந்த மாற்றத்தையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்றால் ஜி.பி.எல். அப்புறம், "இதைத் தர எனக்கு உரிமை உண்டு" என்று ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது கோட்டில் சேர்க்கும் ஒவ்வொரு மாற்றத்திலும், ஓர் ஒப்ப வரி; பலர் சேர்ந்து எழுதும் லினக்ஸ் இயங்குதளத்தில் 2004 முதல் உள்ள வழக்கம். கம்பெனிக்கு எழுதியதை அப்படியே தூக்கி வருகிறவனை அது கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

சாவி ஒருவரிடம் மட்டும்

கோட் இருக்கும் கணக்கின் கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுங்கள்.

வாட்ஸாப்பில் முடிவெடுப்பது

காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

அடுத்தவர் கோட்டைப் படிக்காமலே "சூப்பர்" என்று ரிவியூ செய்வது

வேண்டாம்.

நேற்று அந்தப் பிள்ளைகளில் ஒருவன், உரிமம் போட்டாச்சு என்று படம் அனுப்பினான். எம்.ஐ.டி-தான். ஆனால் உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.