'லூசியா' பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஒரு பழைய தியேட்டர். படம் தொடங்கிய பிறகு இருட்டில் தடுமாறி வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டுவது நிக்கியின் வேலை. அவனுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அப்போது லூசியா என்ற மாத்திரை கைக்கு வருகிறது. அதை விழுங்கினால் தூக்கத்தோடு, ஆசைப்பட்ட வாழ்க்கையும் கனவாக வரும். அந்தக் கனவில் அவன் புகழ்பெற்ற திரைப்பட நடிகன்.

பவன் குமார் இயக்கி 2013இல் வெளிவந்த கன்னடப் படம் இது. கதையின் முடிவைப் பற்றி ஒரு வரியும் சொல்ல மாட்டேன். பலர் செய்யும் முதல் தவறே, முடிவைப் படித்துவிட்டுப் பார்க்க உட்காருவதுதான். தமிழில் சித்தார்த் நடித்து 2015இல் வந்த 'எனக்குள் ஒருவன்' இதன் மறு ஆக்கம். அதை இன்னும் பார்க்காதவர்கள் கன்னடப் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள். முடிச்சு ஒருமுறைதான் அவிழும்.

அடுத்தது நிறம். தியேட்டர் ஊழியனின் நாட்கள் வண்ணத்தில் வருகின்றன, நடிகனின் நாட்கள் கறுப்பு வெள்ளையில். நாம் எந்த உலகில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அந்த அடையாளம் போதும். அதற்கு மேல் அதை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டாம். முதல் முறை நான் பத்தே நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். பிறகு வந்த காட்சிகளையெல்லாம் அந்த முடிவுக்குள் திணித்துப் பார்த்ததில் பாதிப் படம் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

இரண்டு உலகங்களையும் கவனிக்கிற அவசரத்தில் மூன்றாவது இழையை மறந்துவிடுகிறோம். நிக்கி நினைவில்லாமல் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறான். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று காவல்துறை விசாரிக்கிறது. அந்தக் காட்சிகள் வரும்போது கைபேசியை எடுத்துவிட்டால் படம் நிச்சயம் குழப்பும். இந்தப் படத்தை மூன்று நாட்களாகப் பிரித்துப் பார்ப்பதும் வேண்டாம். ஓர் உலகில் விழித்த அச்சம் மற்றோர் உலகில் வேறு உருவம் எடுக்கிறது. நடுவில் ஓர் இரவு கடந்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

மொழி தெரியாதே என்று திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு வரிகளிலேயே கண்ணை வைத்திருப்பது பெரிய இழப்பு. கன்னடத்தில் கனவுக்குக் 'கனசு', நனவுக்கு 'நனசு'. தமிழ்க் காதுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வரியை விரைவாகப் படித்துவிட்டு முகத்துக்குத் திரும்புங்கள். நிக்கியாக நடிக்கும் சதீஷ் நீநாசம் இரண்டு வாழ்க்கைகளுக்கும் இரண்டு பேச்சு வைத்திருக்கிறார். ஊழியனின் பேச்சில் கிராமத்து மண் ஒட்டியிருக்கிறது, நடிகனின் பேச்சில் நகரத்து மெருகு. ஸ்ருதி ஹரிஹரன் ஓர் உலகில் பீட்சா கடையில் வேலை செய்யும் பெண். அதே முகம் இன்னோர் உலகில் எந்த நிலையில் நிற்கிறது, யார் யாரிடம் கெஞ்சுகிறார்கள், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எது கனவு என்ற விடுகதையை மட்டும் துரத்துகிறவர்களுக்கு இந்த ஏக்கம் பிடிபடாது. எனக்கு இந்தப் படம் பிடித்துப்போனதே அந்த ஏக்கத்தால்தான்.

மாத்திரையை உண்மை என்று நம்ப வேண்டாம், அது கற்பனை. ஆனால் தூக்கத்திலேயே 'இது கனவு' என்று உணரும் நிலை உண்மையானது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைப் பதிவு செய்தார். உறங்குகிறவர் தாம் கனவில் இருப்பதை, முன்பே பேசிவைத்த கண்ணசைவால் தெரிவித்தார். தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பெரிய படங்களின் பளபளப்பை இதில் தேடுவதும் தவறு. தயாரிப்பாளர் கிடைக்காத நிலையில் 110 பேர் போட்ட ஏறத்தாழ 51 லட்சம் ரூபாயில் உருவான படம் இது. லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்றது.

முடிந்ததும் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். இந்த முறை நிக்கியை விட்டுவிட்டு, அச்யுத் குமார் நடித்த சங்கரண்ணாவின் பின்னாலேயே போங்கள். இரண்டு உலகிலும் நிக்கியின் பக்கத்தில் நிற்கும் அந்த மனிதர் அவனை எப்படிப் பார்க்கிறார் என்பதை முதல் முறை நான் கவனிக்கவே இல்லை.