டோக்கன் லைப்ரரியில் ஓட்டை: பைத்தான் ஆப்பில் கண்டுபிடித்து அடைப்பது எப்படி

போன கோடையில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் யாரும் கேட்காத 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. லாரி புக் செய்யும் ஆப்பை எழுதியவன் நான் என்பதால் வாட்ச்மேன் அண்ணன் முதலில் என் கதவைத்தான் தட்டினார். பதிவில் செக்ரட்டரி சார் பெயர் இருக்கிறது. அவரோ ஒரு கல்யாணத்துக்காக திருநெல்வேலி போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தரமணியில் வேலை பார்க்கும் என் நண்பன் போனில் சிரிக்கிறான்: "லாரி வந்துடுச்சா மச்சான்? உன் டோக்கனை நானே செஞ்சு பார்த்தேன்டா, நிஜமாவே ஏஜென்டுக்கு மெசேஜ் போகும்னு நினைக்கல."

அன்று முழுக்க உட்கார்ந்து சரி செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பிளாஸ்க்கில் ஒரு லாகின் எழுதியிருக்கிறீர்கள், வென்வ் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கெல்லாம் நூறு வீடியோ இருக்கிறது.

முதலில், டோக்கன் என்றால் என்ன

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் டோக்கன் தருவார்களே, அதேதான். அதில் நாளும் நேரமும் எழுதியிருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ரகசியம் எதுவும் கிடையாது. ஜேடபிள்யூடி (JWT, லாகின் செய்தவர் யார் என்று சர்வரிடம் காட்டும் சீட்டு) டோக்கனும் அப்படித்தான்: நடுவில் இரண்டு புள்ளி, மூன்று துண்டு. முதல் துண்டில் எந்த முறையில் முத்திரை போட்டது என்ற குறிப்பு, இரண்டாவதில் யார், எதுவரை செல்லும் என்ற விவரம், மூன்றாவது முத்திரை. முதல் இரண்டும் வெறும் பேஸ்64 (யாரும் திருப்பிப் படிக்கக்கூடிய எழுத்து மாற்றம்), பூட்டெல்லாம் இல்லை. பாஸ்வேர்டை இரண்டாவது துண்டில் போட்டு வைத்திருக்கும் ஆப்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

சிக்கல் அந்த முதல் துண்டில்தான். "என் மேல் எந்த முத்திரை என்று நானே சொல்கிறேன்" என்கிறது டோக்கன், கவுன்டரில் இருப்பவரும் அதை நம்பி அதன்படியே சரிபார்க்கிறார். 2015-இல் டிம் மெக்லீன் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதை வெளியே கொண்டுவந்தபோது பல மொழிகளின் லைப்ரரிகள் மாட்டின. முறை என்ற இடத்தில் "நன்" (none, எதுவும் இல்லை) என்று எழுதி, முத்திரையே இல்லாமல் நீட்டிய டோக்கனைச் சில லைப்ரரிகள் வாங்கிக்கொண்டன. இன்னொன்று அதைவிட நயமானது. ஆர்எஸ்256 போன்ற முறைகளில் முத்திரை போட ஒரு தனிச்சாவி, சரிபார்க்க ஒரு பொதுச்சாவி. ஹெச்எஸ்256-இல் இரண்டுக்கும் ஒரே ரகசியம். தாக்குபவர் ஊருக்கே தெரிந்த பொதுச்சாவியை எடுத்து, அதையே ரகசியமாக வைத்து ஹெச்எஸ்256 முத்திரை போட்டு அனுப்புகிறார். சர்வர் கையில் இருப்பதும் அதே பொதுச்சாவிதான், டோக்கன் "ஹெச்எஸ்256" என்கிறது, கணக்குப் போட்டால் பொருந்திவிடுகிறது. உள்ளே வா என்கிறது.

என் ஆப்பில் நடந்தது இந்த இரண்டாவது வகை. டோக்கன் செய்யவும் சரிபார்க்கவும் பைஜேடபிள்யூடி (PyJWT) என்ற பைத்தான் லைப்ரரியின் 2.3.0 வைத்திருந்தேன். சாவி எஸ்எஸ்ஹெச்-கீஜென்னில் செய்த எட்25519 (Ed25519) வகை, அதிலும் தனிச்சாவி, பொதுச்சாவி என்று இரண்டு உண்டு. பொதுச்சாவிதானே என்று கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தேன். அது தப்பில்லை, பொதுச்சாவி பொதுவில்தான் இருக்கும். அந்த லைப்ரரியில் பொதுச்சாவி மாதிரித் தெரிவதை ஹெச்எஸ் ரகசியமாக ஏற்காமல் இருக்க ஒரு தடுப்புப் பட்டியல் உண்டு. பிஇஎம் (ஒரு சாவி ஃபைல் வடிவம்) தலைப்புகள், எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ எல்லாம் அதில் இருந்தன, எஸ்எஸ்ஹெச்-எட்25519 விடுபட்டுப் போயிருந்தது. இதன் சிவிஇ எண் (வெளியே தெரிந்த ஓட்டைகளுக்குக் கொடுக்கும் அடையாள எண்) சிவிஇ-2022-29217, 1.5.0 முதல் 2.3.0 வரை பாதிப்பு, 2.4.0-இல் அடைத்தார்கள்.

லைப்ரரியின் ஓட்டை மட்டும் இருந்திருந்தால் நண்பன் உள்ளே வந்திருக்க முடியாது. டோக்கனைப் பிரித்துச் சரிபார்க்கும் டிகோட் வரியில் ஆல்கரிதம்ஸ் (எந்த முத்திரை முறைகளை ஏற்கலாம்) என்ற இடத்தில் ஒரே முறையை எழுதாமல், "கெட் டீஃபால்ட் ஆல்கரிதம்ஸ்" என்ற ஃபங்ஷனைப் போட்டு எல்லா முறைகளையும் திறந்துவிட்டிருந்தேன். ஏன் அப்படி எழுதினேன்? எர்ரர் வந்தது, இதைப் போட்டதும் போய்விட்டது, அவ்வளவுதான்.

எது ஓடுகிறது என்று பாருங்கள்

வென்வை ஆன் செய்து பிப் ஃப்ரீஸ் அடித்து, ஜேடபிள்யூடி, ஜோஸ், ஆத்லிப் போன்ற பெயர்களைத் தேடுங்கள். பிறகு பிப்-ஆடிட் நிறுவி, எந்த ஆப்ஷனும் இல்லாமல் ஓட்டுங்கள். இப்போதைய வென்வில் இருக்கும் ஒவ்வொன்றையும் தெரிந்த ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்த வெர்ஷனில் அடைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லும். பைசெக், ஜிஹெச்எஸ்ஏ, சிவிஇ என்று வெவ்வேறு தலைப்பில் எண்கள் வந்தால் குழம்ப வேண்டாம், ஒரே ஓட்டைக்கு மூன்று பெயர் இருக்கலாம்.

கருவி விஷயத்தில் என் சொந்தக் கருத்து: ஒரு மொழி மட்டும் என்றால் பிப்-ஆடிட் போதும். முன்பக்கம் நோட்ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்), பின்பக்கம் பைத்தான் என்று கலந்து இருந்தால் கூகுளின் ஓஎஸ்வி-ஸ்கேனர், லாக் (lock) ஃபைல்களை, அதாவது எந்த லைப்ரரி எந்த வெர்ஷன் என்று எழுதி வைத்திருக்கும் ஃபைல்களை, நேரடியாகப் படித்துவிடும். பழைய லைப்ரரிகளைத் தானாகவே எச்சரிக்கும் கிட்ஹப்பின் டிபென்டாபாட் நல்லதுதான், ஆனால் நாளுக்குப் பத்து மெயில் வந்தால் பதினோராவதை யாரும் திறப்பதில்லை, நானும்தான்.

வந்த வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். நோட்ஜேஎஸ்ஸின் ஜேசன்வெப்டோக்கன் என்ற டோக்கன் லைப்ரரியில் சிவிஇ-2022-23529 என்று ஒன்று பெரிய அபாயமாக அறிவிக்கப்பட்டு, பின்னால் திரும்பப் பெறப்பட்டது. ஒரு ஓட்டை உங்களைத் தொட என்னென்ன நிபந்தனை வேண்டும் என்று இரண்டு நிமிடம் படியுங்கள்.

வெர்ஷனை ஏற்றுங்கள், வரியைத் திருத்துங்கள்

ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் எண்ணை மாற்றி, புதிதாக நிறுவுங்கள். பிறகு டிகோட் வரியில் ஆல்கரிதம்ஸ் பட்டியலில் நீங்கள் முத்திரை போடும் ஒரே முறையை மட்டும் கையால் எழுதுங்கள். எனக்கு அது எட்டிஎஸ்ஏ (EdDSA), எட்25519 சாவிக்கான முத்திரை முறை. அதை டோக்கனின் தலைப்பிலிருந்து எடுக்கவே கூடாது, அப்படி எடுத்தால் மறுபடி திருடனிடமே சாவியைக் கேட்கிற கதை. கையோடு ஆப்ஷன்ஸில் காலாவதி நேரம் கட்டாயம் என்றும் சேர்த்துவிடுங்கள். அந்த விவரமே இல்லாத டோக்கனை லைப்ரரி தானாகத் தடுக்காது.

நீங்களே திருடிப் பாருங்கள்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான், இரண்டு முறை. (உங்கள் சொந்த ஆப்பில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் சர்வரில் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவு இருக்கிறது.)

வெர்ஷனை 2.4.0-க்கு ஏற்றிவிட்டு, அதே வென்வில் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினேன்: பொதுச்சாவியை ரகசியமாக வைத்து ஹெச்எஸ்256-இல் போலி டோக்கன் செய், சர்வருக்கு அனுப்பு. "இன்வேலிட் கீ எர்ரர்" என்று வந்தது. ஆகா, அடைந்துவிட்டது என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் "நான் இன்னும் உள்ளதான்டா இருக்கேன்" என்கிறான். எர்ரரை மறுபடி பார்த்தால், அது சர்வரில் வந்ததே இல்லை, என் ஸ்கிரிப்டில் வந்தது! புது லைப்ரரி போலி டோக்கன் செய்யவே மறுத்துவிட்டது, சர்வருக்கு எதுவும் போகவில்லை. நம் வீட்டுக் கத்தியை மழுங்கடித்துவிட்டு, திருடன் இனி வரமாட்டான் என்று நினைத்த மாதிரி.

அதனால் போலி டோக்கனை லைப்ரரி இல்லாமல் செய்யுங்கள். பைத்தானோடு வரும் ஹெச்மேக், ஹாஷ்லிப், பேஸ்64, ஜேசன் போதும். தலைப்பையும் விவரத்தையும் ஜேசனாக எழுதி, யூஆர்எல்லுக்கான பேஸ்64-ஆக்கி, கடைசியில் வரும் சமக்குறிகளை வெட்டி, நடுவில் புள்ளி வைத்து ஒட்டி, அந்த முழு வரிக்கும் பொதுச்சாவியை ரகசியமாக வைத்து ஷா256 ஹெச்மேக் (ஹெச்எஸ்256 முத்திரையின் கணக்கு) போட்டு, அதையும் அதேபோல் மாற்றி மூன்றாவது துண்டாக ஒட்டுங்கள்.

செய்து அனுப்பினேன், 401 (அனுமதி இல்லை) வந்தது. இந்த முறை நிஜம் என்று நினைத்தேன், இல்லை. சாவி ஃபைலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நியூலைன் எழுத்து இருக்கும். என் சர்வர் அதை ஸ்ட்ரிப் செய்துவிட்டு (வெட்டிவிட்டு) படிக்கிறது, என் ஸ்கிரிப்ட் அப்படியே படிக்கிறது. ஹெச்மேக்குக்கு ஒரு பைட் மாறினாலும் விடை வேறு. நண்பன் இரண்டு விதமாகவும் முயன்றிருக்கிறான், நான் ஒன்றோடு நின்றுவிட்டேன். நீங்கள் நியூலைனோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, கடைசியில் வரும் பயனர்பெயர் குறிப்பை வெட்டிவிட்டு ஒன்று என்று எல்லாவற்றையும் அனுப்புங்கள். பழைய வெர்ஷனில் ஒரு முறையாவது உள்ளே போய்க் காட்டாத திருட்டு ஸ்கிரிப்ட், புது வெர்ஷனில் தோற்றதற்கு அர்த்தமே இல்லை.

ஸ்ட்ரிப் செய்து அனுப்பியதும் 200 (சரி). உள்ளே போய்விட்டேன்! 2.4.0 போட்ட பிறகும் எப்படி? ஆப்பை ஓட்டும் கூனிகார்ன் சர்வரை ரீஸ்டார்ட் செய்யவில்லை. பிப் வட்டில் இருப்பதைத்தான் மாற்றும், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் நினைவில் பழையதையே வைத்திருக்கும். அன்றிலிருந்து ஆப் தொடங்கும்போதே ஜேடபிள்யூடி மாட்யூலின் வெர்ஷனையும் அது இருக்கும் பாதையையும் லாகில் எழுதவிட்டிருக்கிறேன்.

ரீஸ்டார்ட் செய்தால் 401-க்குப் பதில் 500 (சர்வருக்குள்ளேயே பிழை). டிகோட் வரியைத் திருத்துவதை நான் கடைசிக்கு வைத்திருந்ததால் வந்த வினை. இன்வேலிட் கீ எர்ரர் என்பது இன்வேலிட் டோக்கன் எர்ரரின் கீழ் வராது, என் எக்ஸெப்ட் வரி அதைப் பிடிக்கவில்லை. ஆல்கரிதம்ஸில் எட்டிஎஸ்ஏ மட்டும் என்று எழுதியதும் ஒழுங்கான 401 வந்தது.

பின்சேர்க்கை 1: "என்கோட் என்ற ஆட்ரிப்யூட்டே இல்லை என்கிறது" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பிப்பில் ஜேடபிள்யூடி என்று அடித்து நிறுவியிருப்பீர்கள். அது வேறு ஒரு பேக்கேஜ். நமக்கு வேண்டியதன் பெயர் பைஜேடபிள்யூடி, ஆனால் இம்போர்ட் செய்யும்போது இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே ஃபோல்டர். ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றதும் உடையும். இரண்டையும் நீக்கிவிட்டு பைஜேடபிள்யூடியை மட்டும் மறுபடி போடுங்கள்.

பின்சேர்க்கை 2: பைத்தான்-ஜோஸ் என்ற இன்னொரு டோக்கன் லைப்ரரியை வைத்திருப்பதாகச் சொன்ன தம்பிக்கு: இதே குடும்பத்து ஓட்டை அதிலும் உண்டு, சிவிஇ-2024-33663. 2021-இல் வந்த 3.3.0-க்குப் பிறகு 3.4.0 வர 2025 ஆனது. ஃபாஸ்ட்ஏபிஐ விளக்கக் கையேடே 2024-இல் பைஜேடபிள்யூடிக்கு மாறிவிட்டது, நானாக இருந்தால் நானும் மாறிவிடுவேன். நோட்ஜேஎஸ்ஸில் இருப்பவர்கள் என்பிஎம் எல்எஸ் ஜேசன்வெப்டோக்கன் என்று அடித்தால் வேறு எந்தப் பேக்கேஜுக்குள் பழையது ஒளிந்திருக்கிறது என்று தெரியும். ஜேசன்வெப்டோக்கன் 9.0.0-க்கு ஏறும்போது 2048 பிட்டுக்குக் குறைவான ஆர்எஸ்ஏ சாவிகளை அது ஏற்காது, முதலில் சாவியை மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: சாவியை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி. இந்த ஓட்டைக்கு வேண்டாம், தனிச்சாவி வெளியே போகவில்லை, முறையை ஒன்றாகக் கட்டியதும் போலி டோக்கன்கள் எல்லாம் செத்துவிடும். ஹெச்எஸ்256-க்கு "சீக்ரெட்" என்ற சொல்லையே ரகசியமாக வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள்.

அந்த லாரித் தண்ணியைத் திருப்பி அனுப்ப முடியாமல் சம்ப்பில் இறக்கிக்கொண்டோம். பாதிப் பணம் நான் கட்டினேன், மீதிப் பாதிக்கு நண்பன் இன்னும் ஜிபே பண்ணவில்லை.